பலாக்காய் என்று எழுதிய பெட்டி

எங்கள் அத்தான் வீட்டில் மாடு என்ற சொல் கிடையாது. மாட்டிறைச்சி உண்டு, கிழமைக்கு இரண்டு கிலோ உண்டு. ஆனால் அதன் பெயர் பலாக்காய்.

பிளாக்டவுனில் இருக்கும் அந்த வீட்டின் கராஜுக்குள் போய்ப் பிறீசரைத் திறந்தால், பழைய ஐஸ்கிறீம் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் கறுப்பு மார்க்கரால், அத்தானின் முத்து முத்தான கையெழுத்தில் 'பலாக்காய்' என்று எழுதியிருக்கும். தகரத்தில் அடைத்து விற்கிற பிஞ்சுப் பலாக்காயை அவித்து உதிர்த்தால் பார்ப்பதற்கு இறைச்சி நார் மாதிரியே வரும். வீட்டுக்கு வருகிற சனம் பிறீசரைத் திறந்து துருவினாலும் ஒன்றும் கண்டுபிடிக்கமாட்டாது. எங்கள் சனம் வந்தால் பிறீசரைத் திறந்து துருவாமல் போகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

சட்டம் போட்டது என் அக்கா கமலினி. கோழி, ஆடு, மீன், றால் எல்லாம் வீட்டுக் குசினிக்குள் சமைக்கலாம், செவ்வாயும் வெள்ளியும் தவிர. மாடு மட்டும் வாசற்படி ஏறக்கூடாது. கராஜுக்குள் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனி அகப்பை, தனிப் பிறீசர். அந்தச் சொல்லைக்கூட வீட்டுக்குள் உச்சரிக்கக்கூடாது. அக்காவின் பிள்ளையாருக்குச் சாமியறையிலிருந்து கராஜ் வரைக்கும் கண் எட்டாது போலும். மகள் வினுஷா சின்ன வயதில் ஒருநாள் விருந்தாளிகளுக்கு முன்னால் "டாட், இட்ஸ் பீஃப்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு விழுந்த குட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அத்தானின் முழுப்பெயர் விக்னராஜா. வயது ஐம்பத்தாறு. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறார். காலையில் சாரதி இருக்கையில் ஏறும்போது விபூதி பூசி, ஸ்ரியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். பக்தி இல்லை என்று யாரும் அவரைச் சொல்லமுடியாது. அந்தப் பக்தியும் அந்தப் பலாக்காயும் ஒரே வயிற்றுக்குள் சண்டை பிடிக்காமல் இருந்தது எப்படி என்று கேட்டால், எங்கள் ஊர் ஆம்பிளைகள் பாதிப்பேரையும் அதையே கேட்கவேண்டி வரும்.

ராக்கோ வந்த கதையையும் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டு பார்கவி, மதுரைக்காரி, அதை டாக்கோ என்பாள். நாங்கள் டிவியையே ரிவி என்று எழுதுகிற ஆட்கள், எங்கள் வாயில் அது ராக்கோதான். பஸ் டிப்போவில் ரமோன் என்றொரு மெக்சிக்கோக்காரன் அத்தானோடு வேலை செய்தான். ஒருநாள் மத்தியானம் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறான். சோள ரொட்டியை இரண்டாக மடித்து, உள்ளே இறைச்சி வைத்து, தட்டையாகப் பொரித்தது. கடித்தால் மொறமொறவென்று சத்தம் கேட்குமாம். அதோடு மனுசன் சரி. அதற்குப் பிறகு எட்டு மாதம் எங்களுக்கு வேறு கதை இல்லை.

முதல் தடவை செய்தபோது ரொட்டி எல்லாம் நடுவால் வெடித்துப் போனது. இரண்டாம் தடவை எண்ணெய்க்குள் முக்கிப் பொரித்து, வாய்க்குள் போட்டால் எண்ணெய் கன்னத்தால் வடிந்தது. மூன்றாம் தடவை அக்கா கராஜ் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சும்மா சொல்லக்கூடாது, மனுசன் விடவில்லை. மாட்டின் தோள்பக்கத்து இறைச்சியைக் குக்கரில் குழைய விட்டு, இரண்டு முள்ளுக்கரண்டியால் நார் நாராகப் பிய்த்து, வெங்காயம், உள்ளிப்பூண்டு, தக்காளி, சீரகத்தோடு எங்கள் வறுத்த தூளையும் போட்டுப் பிரட்டி, ஈரம் வற்றும்வரை அடுப்பில் வைத்து, மிச்சத்தை அந்தப் பெட்டிகளில் அடைப்பார். ஈரம் இருந்தால் ரொட்டி நமத்துப் போகுமாம். ரொட்டியை முதலில் வெறும் கல்லில் போட்டு வளைகிற பதத்துக்குச் சூடாக்கவேண்டும், அப்போதுதான் மடிக்கும்போது வெடிக்காது. பாதியில் சீஸ், அதன்மேல் இறைச்சி, மடித்து, கொஞ்ச எண்ணெயில் வைத்துத் தட்டகப்பையால் அமத்தவேண்டும். பிறகு கை வைக்கக்கூடாது.

"ஆக்கள் செய்யிற பிழை என்ன தெரியுமே, பிள்ளை? பொறுமை இல்லாமல் பிரட்டிப் பிரட்டிப் பாக்கிறது. அது தானாக் கல்லை விட்டு எழும்பும். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு நிக்கவேணும்," என்பார் எனக்கு.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் தர்ஷனா, அக்காவுக்கு ஆறு வயது இளையவள். என் புருசன் அருந்தவன் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை, சனி ஞாயிறு வீட்டில் இருக்கமாட்டார். ஆகவே சனிக்கிழமை பின்னேரங்களில் நான் அக்கா வீட்டுக்குப் போவேன். அக்காவோடு கதைக்க என்று சொல்லிக்கொண்டு போவேன். நேரே கராஜுக்குள் போய்க் கதிரை இழுத்துப் போட்டு இருந்து, தட்டை நீட்டுவேன்.

நான் மட்டுமா? கோயில் செயற்குழுவில் பாதி அங்கே இருக்கும். கபிலன் எஞ்சினியர், சிறி வீட்டுக்கடன் தரகர், இன்னும் நாலைந்து பேர். கராஜ் கதவை அரைவாசி இறக்கிவிட்டு, குனிந்து உள்ளே வருவார்கள். "அண்ணை, பலாக்காய் ரெடியோ?" என்று கேட்பார்கள். "ஓம், நல்ல பிஞ்சுப் பலாக்காய்," என்பார் அத்தான். எல்லோரும் சிரிப்பார்கள். மாதத்துக்கு நாலு தடவை அதே பகிடிக்கு அதே சிரிப்பு. கூச்சமில்லாத கூட்டம். நானும் சிரித்தேன் என்பதை ஒளிக்கவில்லை.

கோயில் என்று சொன்னது எங்கள் பிள்ளையார் கோயில். முன்பு கார் ரயர் விற்ற பெரிய கொட்டகையை வாடகைக்கு எடுத்து, கூரைக்கு வெள்ளை அடித்து, நடுவில் பிள்ளையாரை இருத்தியிருக்கிறோம். ரயர்க்கடைப் பிள்ளையார் என்று சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் வழி கேட்டால் அவர்களும் அப்படித்தான் சொல்லுவார்கள். அதற்குப் பதினொரு வருடமாகத் தலைவர் இரத்தினசிங்கம், கணக்காளர். மேடையில் ஏறினால் சைவ உணவைப் பற்றிப் பேசாமல் இறங்கமாட்டார். சைவம் என்றால் எங்கள் பேச்சில் மரக்கறி, மச்சம் என்றால் மீனும் இறைச்சியும். மச்சம் சாப்பிடுகிறவன் பேச்சிலேயே மச்ச வாடை வீசும் என்று ஒருமுறை ஒலிபெருக்கியில் சொன்னார். அதற்கு முதல்நாள் சனிக்கிழமை அவர் கராஜில் மூன்று ராக்கோ சாப்பிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கோயிலில் அத்தானுக்குக் கொடுத்த வேலை கார்ப் பார்க். ஒறேஞ்ச் நிறத்தில் ஒரு வெஸ்ட்டைக் கொடுத்து, "விக்கி, நீர் பஸ் ஓட்டுற ஆள்தானே, வாகனங்களைப் பாரும்," என்று இரத்தினசிங்கம் முதல் வருடம் சொன்னார். பதினொரு வருடமாக அதே வெஸ்ட். தேர்த் திருவிழாவுக்குப் பட்டு வேட்டி கட்டி, அதற்கு மேலே அந்த வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பார். உள்ளே டொக்டர்மாரும் கணக்காளர்மாரும் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு வடம் பிடிப்பார்கள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, எல்லோரும் போன பிறகு, கல்லைத் துடைத்துக்கொண்டே அத்தான் சொன்னார்:

"இந்த முறை நான் தலைவருக்கு நிக்கப் போறன், தர்ஷனா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு என்னத்துக்கு அத்தான் அந்தக் கோதாரி?"

"பதினொரு தேர் பிள்ளை. ஒண்டு வெளிக்கிடேக்கயும் நான் பாக்கேல்லை. மேளச் சத்தம் மட்டும் கேட்டனான். ஒருக்காத் தீபம் காட்டேக்க உள்ளுக்கு நிக்கவேணும். அவ்வளவுதான்."

"அப்ப வெஸ்ட்டை ஆர் போடுறது?"

"இரத்தினசிங்கத்தாருக்கு அளவாத்தான் இருக்கும்," என்றார். சிரிக்காமல் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, மனுசன் பகிடி விடவில்லை என்று.

வாக்குச் சேகரிப்பு எப்படி நடந்தது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கராஜ் கதவு சனிக்கிழமை மட்டுமல்ல, புதன்கிழமையும் அரைவாசி இறங்கியது. ராக்கோ சாப்பிட்ட வாயெல்லாம் "அண்ணை, இந்தமுறை நீங்கள்தான்," என்றது. எண்ணிப் பார்த்தால் அத்தான் வெல்லுகிற மாதிரித்தான் இருந்தது. இரத்தினசிங்கத்துக்கு மூக்கில் வியர்த்து, அவர் கராஜுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்குப் பூசை, பன்னிரண்டுக்குக் கார்ப் பார்க்கில் பந்தல் போட்டு உணவு விழா, இரண்டு மணிக்குக் கூட்டம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு சைவச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். அத்தான் என்ன கொண்டுபோவார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தமுறை உண்மையான பலாக்காய். அதில் அவர் சத்தியமாய் நேர்மையாகத்தான் இருந்தார். புதுச் சட்டி வாங்கினார். வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு, வீட்டுக் குசினிக்குள், பத்துத் தகரம் பலாக்காயை அதே தூள் போட்டு, அதே மாதிரி ஈரம் வற்ற வதக்கி, ஐஸ்கிறீம் பெட்டிகளில் அடைத்தார். வீட்டுப் பிறீசருக்குள் அக்காவின் மோதகம் நிரம்பியிருந்தது. ஆகவே பெட்டிகளைக் கராஜ் பிறீசருக்குள் கொண்டுபோய் வைத்தார். வைக்க முதல் மார்க்கரை எடுத்தார். எடுத்து, பழக்கதோஷத்தில், ஒவ்வொன்றிலும் முத்து முத்தாக எழுதினார்: பலாக்காய்.

இருபது வருடத்தில் முதல்முறையாக அந்த மனுசன் உண்மையை எழுதினார். அதைப் படித்து நம்ப அந்த வீட்டில் வழி இருக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கே அத்தான் பந்தல் போடக் கோயிலுக்குப் போய்விட்டார். போகும்போது, "கமலி, கராஜ் பிறீசரிலை பலாக்காய் எண்டு எழுதின பெட்டியள் இருக்கு, நாலை எடுத்து ரொட்டிக்குள்ளை நிரப்பி மடிச்சு வையும், நான் அங்கை பொரிக்கிறன்," என்று சொல்லியிருக்கிறார். அக்கா அந்தப் பிறீசரைத் தன் வாழ்நாளில் திறந்தவள் இல்லை. மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு போய், கைக்கு எட்டின மேல் தட்டிலிருந்து நாலு பெட்டி எடுத்தாள். மாடு எப்படி இருக்கும், பலாக்காய் எப்படி இருக்கும் என்று அவளுக்கு எங்கே தெரியும்? உண்மையான பலாக்காய் கீழ்த் தட்டில் இருந்தது. நூற்றிருபது ராக்கோவையும் பாவி தன் கையாலேயே மடித்தாள், தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டு.

கோயிலின் பெரிய தோசைக்கல்லில் அத்தான் பொரிக்கத் தொடங்கினார். நெற்றியில் மூன்று குறி விபூதி, தோளில் சால்வை. அன்றைக்கு அவருக்கு வெஸ்ட் இல்லை. கோயில் சாப்பாட்டைச் சமைக்கிறவன் ருசி பார்க்கக்கூடாது என்பதால் ஒரு துணுக்கும் வாயில் வைக்கவில்லை. வேறு நாளென்றால் முதல் மூன்றையும் அவரே சாப்பிட்டிருப்பார். இருபது பேருக்கு நடுவில் புகைக்குள் நின்று, "பலாக்காய் ராக்கோ, சூடான பலாக்காய் ராக்கோ," என்று கூவினார்.

எங்கள் ஆம்பிளைகள் சாப்பாட்டு வரிசையில் எப்போதும் முன்னுக்குத்தான் நிற்பார்கள். அதற்காக நான் பல தடவை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது பிள்ளையாரின் கிருபை. முதல் முப்பது ராக்கோவும் கராஜ் கோஷ்டியின் வாய்க்குள்தான் போனது. கடித்தவன் ஒருவனும் வாய் திறக்கவில்லை. ஒருவனை ஒருவன் பார்த்தான், மென்றான், திரும்ப வரிசையில் போய் நின்றான். அவர்கள் எல்லோரும் நினைத்தது ஒன்றுதான்: விக்கி அண்ணைக்கு என்ன துணிவு!

இரத்தினசிங்கமும் வந்து ஒன்று எடுத்தார். ஒரு கடி கடித்து நின்றார். பிறகு பந்தலின் பின்பக்கம் போய் மிச்சத்தைத் தின்றார்.

நானும் ஒன்று எடுத்தேன். முதல் கடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்றும் பார்த்தேன். யாராவது சொல்லுவார்கள்தானே என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு இரண்டாவது கடியையும் கடித்தேன்.

வரிசையில் நின்றது விமலாதேவி அன்ரி. எழுபத்தொரு வயது. அவவின் தம்பி இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம் காணாமல் போனவர். அவரைப் பற்றி ஒரு தகவல் வரும்வரைக்கும் மச்சம் தொடுவதில்லை என்று நேர்த்தி வைத்தவ. தகவல் வரவில்லை. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டா. கோயிலில் சைவம் சைவம் என்று கத்துகிறவர்களுக்கு நடுவில் சத்தம் போடாமல் சைவமாய் இருந்தது அவ ஒருவர்தான். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும்.

கபிலன் மூன்றாம் முறையாக வந்து, கல்லுக்குக் கிட்டக் குனிந்து, "அண்ணை, கோயில் வளவுக்குள்ளையே பலாக்காய்! நீங்கள் ஆள் கெட்டிக்காரன்," என்றான்.

"ஓம் தம்பி, பலாக்காய்தான்," என்றார் அத்தான்.

"ஓம் ஓம், பலாக்காய்தான்," என்று கபிலன் கண்ணடித்தான்.

"இல்லையடாப்பா, உண்மையாப் பலாக்காய்."

"அதைத்தானே நானும் சொல்லுறன், அண்ணை!"

அத்தானின் கை நின்றது. தட்டிலிருந்த ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தார். உள்ளே பார்த்தார். நிமிர்ந்தார். நாலு அடி தள்ளி விமலாதேவி அன்ரி, கையில் ஒரு ராக்கோவை வைத்து, சூடு ஆற ஊதிக்கொண்டிருந்தா.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தான் தலைவர். கூட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அன்ரிக்குத் தெரியாது, தின்றவர்கள் சொல்லப் போவதில்லை. அடுத்த தேருக்கு உள்ளே நின்று தீபம் பார்க்கலாம். அவருக்கு இது எல்லாம் ஒரு மூச்சில் தெரிந்திருக்கும். எனக்கே தெரிந்தது.

"அன்ரி! வாயிலை வையாதேங்கோ! அது மாடு!"

இருபது வருடம் அந்த வாயில் வராத சொல் கார்ப் பார்க் முழுக்கக் கேட்டது. மேளக்காரர்கூடக் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். அன்ரி ராக்கோவை மெல்லத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றா. அக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்து, "ஐயோ, என்ரை கையாலை! என்ரை கையாலை!" என்று அலறினாள்.

பிறகு தொடங்கியது நாடகம். ஏழு ராக்கோ தின்ற கபிலன் குழாயடிக்கு ஓடி, எல்லோரும் பார்க்கும்படி ஓங்காளித்தான். சிறி, "எங்களை ஏமாத்திப் போட்டார்!" என்று நெஞ்சில் அடித்தான். இரத்தினசிங்கம் மீசையில் ரொட்டித்தூளோடு வந்து, "என்ன அநியாயம் இது! பிள்ளையார் சந்நிதியிலை!" என்று முழங்கினார். மீசையைத் துடையுங்கோ என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

இரண்டு மணிக் கூட்டத்தில் தேர்தல் நடக்கவில்லை. அதற்குப் பதில் விக்னராஜாவைக் கோயில் உறுப்புரிமையிலிருந்து நீக்குவதா என்று வாக்கெடுத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காகிதம், அத்தான் குடும்பத்துக்கு மட்டும் இல்லை. ஆம் அல்லது இல்லை என்று எழுதி, மடித்து, உண்டியல் மாதிரி ஒரு பெட்டிக்குள் போடவேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை. அத்தானை வெளியே நிற்கச் சொன்னார்கள். யன்னலால் பார்த்தேன். யாரோ ஒருவருடைய கார் இரண்டு வானுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. அத்தான் வெஸ்ட் இல்லாமலே கையைக் காட்டிக் காட்டி அதை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்துக் காகிதம் என் கையில் இருந்தது. பக்கத்தில் சிறியின் மனைவி இருந்து எட்டிப் பார்த்தாள். நான் 'ஆம்' என்று எழுதி மடித்தேன்.

எண்ணியபோது நாற்பத்தேழு ஆம், ஒரு இல்லை. இரத்தினசிங்கம் போட்டியில்லாமல் பன்னிரண்டாம் வருடத்துக்குத் தலைவரானார். முதல் கட்டளையாக, தீட்டுப்பட்ட தோசைக்கல்லைக் குப்பைக்குப் போடச் சொன்னார். அத்தான் அதைக் கேட்டு வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்தார்.

"நாற்பத்தேழு பேரும் ஒரு பக்கம் நிக்க, நீ ஒருத்தி எனக்காக இல்லையெண்டு போட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும் பிள்ளை. வேறை ஆர் எனக்குப் போடப் போயினம்? இதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுக்கென்ன அத்தான்," என்றேன். வெட்கம் கெட்டவள், அதைத்தான் சொன்னேன்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கராஜுக்குள் என்னைத் தவிர ஒருவரும் வரவில்லை. கபிலன் மட்டும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான்: 'அண்ணை, நாங்கள் செய்தால் நமத்துப் போகுது. என்ன செய்யவேணும்? மற்றவைக்குக் காட்டவேண்டாம்.' அத்தான் ஈரம் வற்றவைப்பது பற்றி ஒரு பக்கம் பதில் எழுதினார். கோயில் கல்லில் ராக்கோ இன்னும் நன்றாக வந்தது. மனுசன் எனக்கு ஆறு, ஏழு என்று பொரித்துப் போட்டார். நல்லதாய் முறுகினது எல்லாம் என் தட்டுக்கு, கருகினது அவருக்கு. நானும் தின்றேன்.

மூன்றாம் சனிக்கிழமை கராஜ் கதவு முழுக்கத் திறந்திருந்தது. இறக்கி மறைக்க இனி என்ன இருக்கிறது? வெயிலில் குடை பிடித்துக்கொண்டு விமலாதேவி அன்ரி நடந்து வந்தா. அத்தான் பதறிப்போய்க் கல்லை மறைத்துக்கொண்டு நின்றார்.

"பதறாதையும் தம்பி. உம்மடை பலாக்காய் இன்னும் இருக்கே? உண்மையான பலாக்காய்?"

"இருக்கன்ரி. கீழ்த் தட்டிலை அப்பிடியே கிடக்கு."

"அப்ப அதிலை ஒண்டு பொரிச்சுத் தாரும். ஊதினது மட்டும்தான், சாப்பிடக் கிடைக்கேல்லை."

அத்தான் வீட்டுக்குள் ஓடிப் புதுச் சட்டியை எடுத்துவந்தார். அக்காவே வந்து அடுப்பைத் துடைத்து, பெட்டியைத் திறந்து மோந்து பார்த்து, பிறகு ரொட்டி மடித்துக் கொடுத்தாள். அத்தான் அமத்தினார், பொறுத்தார், பிரட்டினார். அன்ரி கதிரையில் இருந்து, மொறமொறவென்று கடித்து, "நல்லாத்தான் இருக்கு," என்றா.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி," என்றார் அத்தான். "இன்னும் ஒரு நிமிசம் பிந்தியிருந்தா..."

"ஒண்டும் நடந்திராது. எங்கடை மனுசன் துறைமுகத்திலை வேலை செய்தவர். மாடு இல்லாட்டி அவருக்குச் சோறு இறங்காது. முப்பது வருஷம் காய்ச்சிக் குடுத்தவளுக்கு மணம் தெரியாதே? வரிசையிலை நிக்கேக்கயே எனக்குத் தெரியும்."

அத்தான் தட்டகப்பையைக் கீழே வைத்தார். "அப்ப ஏன் கையிலை எடுத்தனீங்கள்?"

"ரெண்டு மணிக்கு வோட்டுப் போடவேணுமல்லே," என்றா அன்ரி. "நிக்கிற ஆள் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு பாக்கவேண்டாமே? அங்கை நிண்ட எல்லாருக்கும் தெரியும், தம்பி. எல்லாற்றை வாயையும் நான் பாத்தனான். திறந்தது உம்மடை வாய் ஒண்டுதான். அதுதான் இல்லையெண்டு எழுதினனான். ஒரே ஒரு இல்லை விழுந்ததே, அது என்ரை."

கல்லில் எண்ணெய் சீறிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்தேன்.

அத்தான் கோயில் கல்லின் பக்கம் திரும்பினார். அதில் கிடந்த மாட்டு ராக்கோக்களில் நன்றாக முறுகியிருந்த ஒன்றைத் தட்டகப்பையால் எடுத்தார். என் தட்டில் வைத்தார். கோபமாகக்கூட வைக்கவில்லை.

"சாப்பிடு பிள்ளை," என்றார். "பலாக்காய்."